நேரசூசி யாருக்குத் தெரிய வேண்டும்?



உயர்தரம் படிக்கும் தன் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருந்தார். மகள் சோம்பேறி அல்ல. கிழமைக்கொரு நேரசூசி போடுகிறாளாம். கலர் பேனைகளுக்கும் கொப்பிகளுக்கும் கொடுத்த காசு போதாதென்று, ஃபோனிலும் திட்டமிடும் செயலிகள் நாலைந்து வைத்திருக்கிறாளாம். ஆனாலும் தவணைப் பரீட்சையில் புள்ளிகள் ஏறவில்லை. இனி எதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஒழுங்காகத் திட்டமிட்டுப் படிப்பாள் என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை வாசித்ததும் எனக்கு என் தங்கச்சியின் மகள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது என்னுடைய பிழை ஒன்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

தங்கச்சி குடும்பம் மாவனல்லைப் பக்கம். மகள் உயிரியல் பிரிவு. 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில்தான் நடந்தது. பெறுபேறு மே மாதக் கடைசியில் வந்தது. உயிரியலில் 'சீ', இரசாயனவியலில் 'எஸ்', பௌதிகவியலில் 'எஃப்'. மூன்று பாடங்களிலும் சித்தியடையாவிட்டால் பல்கலைக்கழகப் பக்கம் தலைவைக்க முடியாது என்பது பிள்ளைகள் படிக்கும் வீடுகளுக்குத் தெரிந்த விடயம். அடுத்த பரீட்சை அதே வருடம் நவம்பர் 25இல். இடையில் இருந்தது 25 கிழமைகள்தான்.

அவளுடைய வாப்பா ஏசவில்லை. சின்னக் கடை வைத்திருப்பவர். 2022 நெருக்கடியில் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. "இன்னும் ஒரு தடவை படிங்க மகள். அதற்குமேல் ரியூஷன் காசு கட்ட எனக்கு ஏலாது. தம்பியும் சாதாரண தரத்துக்கு வாறான்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால்கூட அவள் இவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

அழகான கொப்பி

நான் போனபோது அவள் மேசையில் ஒரு புதுக் கொப்பி இருந்தது. திறந்து பார்த்தேன். அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, பாடத்துக்கொரு நிறம் தீட்டி, கலியாண அழைப்பிதழ் மாதிரி அழகாக இருந்தது. பௌதிகவியலில் 11 அலகுகள். அலகுக்கு ஒரு கிழமை என்று 11 கிழமைகள். இரசாயனவியலும் உயிரியலும் அப்படியே.

"இதற்கு எத்தனை நாள் சென்றது?" என்று கேட்டேன்.

"மூன்று நாள் பெரியும்மா."

அலுமாரியைத் திறந்தால் அதே மாதிரி இன்னும் மூன்று கொப்பிகள். எல்லாம் போன வருடத்தியவை. ஒவ்வொன்றும் இரண்டாம் மூன்றாம் கிழமையோடு நின்றுவிட்டது. மற்றப் பக்கங்கள் வெறுமை. ஃபோனில் நோஷன், கூகுள் கலண்டர், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத இரண்டு. ஒன்று நின்றதும் 'இந்த முறை எனக்குப் பொருந்தவில்லை' என்று நினைத்து அடுத்ததைத் தேடியிருக்கிறாள். யூடியூபில் மற்றப் பிள்ளைகளின் மேசைகளையும் கொப்பிகளையும் காட்டும் படங்கள் எத்தனையோ. பார்க்கப் பார்க்க ஆசை வரத்தானே செய்யும்.

அவள் பின்பற்றிய 'புல்லட் ஜேர்னல்' என்ற முறையை உருவாக்கியவர் ரைடர் கெரல் என்னும் அமெரிக்கர். சிறு வயதிலிருந்தே கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமல் கஷ்டப்பட்டவர். தன் தேவைக்காகப் பழக்கப்படுத்திக்கொண்ட முறையை 2013இல் வெளியே சொன்னார். அதற்கு வேண்டியது ஒரு சாதாரணக் கொப்பியும் ஒரு பேனையும்தான். செய்ய வேண்டியதற்கு ஒரு புள்ளி, முடிந்தால் அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு, முடியாவிட்டால் அடுத்த நாளுக்கு மாற்றும் ஓர் அடையாளம். பூவும் கொடியும் பிறகு மற்றவர்கள் சேர்த்தவை. எங்கள் பிள்ளை பூவையும் கொடியையும் பிடித்துக்கொண்டு புள்ளியை விட்டுவிட்டாள்.

பிழை அங்கேதான் என்று அன்று நினைத்தேன். பாதிதான் சரி. மீதிப் பாதி எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது.

ஏழு நாள் கணக்கு

கடையிலிருந்து ஒரு நாற்பது பக்கக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். "மகள், இந்தக் கிழமை ஒரு திட்டமும் போட வேண்டாம். நடப்பதை மட்டும் எழுதுங்க. எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், ஏன் எழும்பினீர்கள். அவ்வளவுதான்" என்றேன். நானும் அந்தக் கிழமை தங்கச்சி வீட்டிலேயே தங்கினேன்.

ஏழாம் நாள் இரவு மூன்று பேரும் உட்கார்ந்து கொப்பியைப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அஸருக்கும் இஷாவுக்கும் இடையில் தொழுகை நேரம் போக இரண்டரை மணித்தியாலம் படிக்கலாம் என்பது அவள் கணக்கு. உண்மையில் படித்தது 50 நிமிடம். அந்த நேரத்துக்குள் அவளை 11 தடவை கூப்பிட்டிருக்கிறோம். தேங்காய் துருவ, மாடியில் காயப்போட்ட உடுப்பை எடுக்க, கேஸ் வண்டி வந்தால் பார்க்க, தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்ற, பக்கத்து வீட்டுக்குப் பீங்கான் கொடுக்க...

11 தடவைகளில் மூன்று தடவை கூப்பிட்டது நான்! என் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லி ஒரு தடவை. ஃபோனில் படம் அனுப்பித் தரச் சொல்லி ஒரு தடவை. தேத்தண்ணிக்கு ஒரு தடவை. பிள்ளைக்குத் திட்டமிடச் சொல்லிக் கொடுக்க வந்த பெரியும்மா செய்த வேலை இது.

அதே செவ்வாய்க்கிழமை, அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த தம்பியை எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தோம். ஒரு தடவையும் இல்லை.

தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொம்பளைப் புள்ளை, கூப்பிட்டால் வரத்தானே வேணும்" என்றாள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். அதனால் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

பாடசாலை முடித்துவிட்டு இரண்டாம் தடவை தோற்றும் பிள்ளைக்கு இது இன்னும் கஷ்டம். காலையில் சீருடை உடுத்துப் போகும் பிள்ளை படிக்கிறது என்று வீட்டுக்குத் தெரியும். வீட்டிலேயே இருந்து படிக்கும் பிள்ளையை 'சும்மாதானே இருக்கிறாள்' என்று எடுத்துக்கொள்கிறோம். வருகிற விருந்தாளியும் அப்படித்தான் நினைக்கிறார்.

வீட்டு வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உம்மாவுக்கு உதவி செய்வது நல்ல பழக்கம். அவளும் மறுத்ததே இல்லை. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து வேலை செய்தால் அவள் படிப்பு கெடாது. இரண்டு நிமிட வேலைக்காக 11 தடவை எழுப்பினால்தான் கெடும். பௌதிகவியல் கணக்கு ஒன்றில் பாதி போய்விட்டுத் தேங்காய் துருவி வந்தால், திரும்ப முதல் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாலு கொப்பிகளும் ஏன் நின்றுபோயின என்பது அப்போதுதான் விளங்கியது. திட்டம் அவள் மேசையில் இருந்தது. அவளுடைய நேரமோ வீட்டில் எல்லோர் கையிலும் இருந்தது. திட்டம் இருப்பதே அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

குசினிச் சுவரில் ஒரு தாள்

அடுத்த நாள் ஒரு பிரிஸ்டல் போர்ட் வாங்கி, நேரசூசியைப் பெரிய எழுத்தில் எழுதினோம். அதை அவள் அறையில் ஒட்டவில்லை. குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அவளுக்கு நேரசூசி ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டியது எங்களுக்கு.

மணிக்கணக்காகக் கட்டம் போடவில்லை. நம் வீடுகளில் நாள் ஏற்கெனவே ஐந்தாகப் பிரிந்துதானே இருக்கிறது! ஸுபஹ் தொழுததிலிருந்து காலை ஏழரை வரை ஒரு பகுதி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு லுஹர் வரை ஒரு பகுதி. லுஹருக்குப் பிறகு சாப்பாடு, ஓய்வு, ஒரு மணித்தியாலம் முழுமையாகக் குசினி வேலை. அஸர் முதல் மஃரிப் வரை ஒரு பகுதி. இஷாவுக்குப் பிறகு பத்து மணி வரை ஒரு பகுதி. கண்டிக்கு ரியூஷன் போகும் இரண்டு நாட்களும் வேறு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸில் குலுங்கியபடி படிக்க முடியாது. அந்த நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

படிக்கும் பகுதிகளுக்குச் சிவப்புக் கோடு. அந்த நேரத்தில் அவளை ஒருவரும் கூப்பிடுவதில்லை. மாடியில் உடுப்பு எடுப்பதும் கடைக்கு ஓடுவதும் தம்பியின் பொறுப்பு. அவன் கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு பழகிவிட்டான். வாப்பா தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொள்வதாகச் சொல்லி, அந்தத் தாளில் தன் பெயரையும் எழுதினார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எழுதிய பிறகு ஒரு நாளும் அவர் தவறவில்லை.

அளந்து போட்ட கணக்கு

அடுத்தது, அலகுக்கு ஒரு கிழமை என்ற கணக்கு. பௌதிகவியலில் 'அளவீடு' சின்ன அலகு. 'பொறியியல்' பெரியது. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்திலேயே ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை பாடவேளை என்று போட்டிருக்கிறது. பொறியியலுக்கு அளவீட்டைப்போலப் பல மடங்கு. அதைப் பார்க்காமல் இரண்டுக்கும் சமமாக ஒரு கிழமை கொடுத்தால் இரண்டாம் கிழமையிலேயே திட்டம் பிந்திவிடும். பிந்தியதும் மனம் விட்டுப்போகும். மனம் விட்டால் புதுக் கொப்பி!

அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம், உங்கள் ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்ததோ சராசரியாக 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. வேலை நாம் நினைத்தபடி நேராக நடக்கும் என்றே நினைக்கிறோம். காய்ச்சலும் விருந்தும் கலியாணமும் கணக்கில் வருவதில்லை.

ஆகவே ஒரு வழி செய்தோம். ஓர் அலகைப் படித்து, அதிலுள்ள கடந்தகால வினாக்களையும் செய்து முடிக்க உண்மையில் எத்தனை மணித்தியாலம் சென்றது என்று முதலில் அளந்தோம். மற்ற அலகுகளுக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டு, அதோடு பாதியைக் கூட்டினோம். பத்து மணித்தியாலம் என்று தோன்றினால் பதினைந்து. 25 கிழமைகளில் கடைசி மூன்றையும் மீட்டலுக்கென்று ஒதுக்கினோம். வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் ஒன்றும் போடவில்லை. கிழமை முழுவதும் விடுபட்டவை அங்கே வந்து அடங்கும். ஒன்றும் விடுபடவில்லையென்றால் அது அவளுடைய ஓய்வு. இப்படிக் கூட்டியும் கழித்தும் பார்த்தபோது எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் படிக்க நேரம் இல்லை என்பது தெரிந்தது. 'எஃப்' வந்த பாடத்துக்குக் கூடுதல் பங்கு கொடுத்தோம். அந்த முடிவைக் கடைசி மாதத்தில் அழுதபடி எடுப்பதைவிட ஜூன் மாதத்திலேயே எடுத்தது நல்லதாயிற்று.

அவள் பாவித்த பொருட்கள்

இனி, கடிதம் எழுதிய சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். சுவரில் ஒட்டிய தாள் போக, அந்த 25 கிழமைகளும் அவள் பாவித்தவை இவ்வளவுதான்.

ஒன்று, ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு நாளும் இரவில், நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை எழுதுவாள். மூன்றுக்கு மேல் இல்லை. 'இரசாயனவியல் படித்தல்' என்று எழுதக் கூடாது. அது என்றைக்கு முடியும்? 'அஸருக்குப் பிறகு, 2019 வினாத்தாளில் முதல் 20 பல்தேர்வு வினாக்கள்' என்று நேரத்தோடும் அளவோடும் எழுத வேண்டும். எப்போது, எங்கே, எதை என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜேர்மனியைச் சேர்ந்த பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்.

இரண்டு, ஒரு மணிக்கூடு. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் குசினியில் பாவிக்கும் தக்காளி வடிவ மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. தொடங்கவே மனம் வராத பிள்ளைக்கு இது நல்லது. 25 நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிடும். ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. பௌதிகவியல் பல்தேர்வில் 50 வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் முழுதாக இல்லை. அந்த நேரம் முழுவதும் எழும்பாமல் உட்காரவும் பழக வேண்டும். ஆகஸ்ட் மாதத்திலிருந்து கிழமைக்கொரு நாள் மணிக்கூட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு வைத்தோம்.

மூன்று, ஒரு சப்பாத்துப் பெட்டி. சிரிக்காதீர்கள், இதுதான் அவளுக்கு ஆகக் கூடுதலாக உதவியது. மிஞ்சிய பிரிஸ்டல் போர்டைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதினாள். பெட்டியில் மூன்று அறைகள். புதிய சீட்டுகள் முதல் அறையில். அவற்றை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாம் அறைக்குப் போகும்; அது மூன்று நாளைக்கு ஒரு தடவை. அங்கும் சரியென்றால் மூன்றாம் அறை. கிழமைக்கு ஒரு தடவை. எந்த அறையிலாவது பிழைத்தால் திரும்ப முதல் அறைக்கே. செபஸ்தியான் லைட்னர் என்ற ஜேர்மன் எழுத்தாளர் 1972இல் தன் புத்தகத்தில் விளக்கிய முறை இது.

ஏன் இப்படித் திரும்பத் திரும்ப? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து, 1885இலேயே அதை வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழிந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதன்பிறகு மறதி மெதுவாகிறது. மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்ப எடுத்துப் பார்த்தால் அது நிலைக்கிறது. இது நமக்குப் புதிதும் அல்ல. குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகளைப் பாருங்கள். புதுப் பாடம், சில நாட்களுக்கு முந்திய பாடம், பழைய பாடம் என்று மூன்றையும் நாளாந்தம் உஸ்தாதுக்கு ஓதிக்காட்டுகிறார்கள். புதுப் பாடத்தை மட்டும் பார்த்தால் பழையது போய்விடும் என்பது ஹிப்ழு மத்ரஸாக்களுக்கு எப்போதோ தெரிந்த விடயம்.

நான்கு, ஒரு பிழைக் கொப்பி. வினாத்தாள் செய்து, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடல் திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைத்த வினாவையும் ஏன் பிழைத்தது என்பதையும் எழுதுவது. குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும். எல்லாம் தெரிந்த மாதிரித் தோன்றும். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நான்கு தடவை படித்தவர்களுக்கு ஒரு கிழமை கழித்து 40 வீதம்தான் ஞாபகம் இருந்தது. ஒரே தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 61 வீதம். பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதுதான் படிப்பு. குறிப்புக்குக் கலர் அடிப்பது படிப்பாகாது.

ஃபோனை என்ன செய்வது?

ஃபோனைப் பறித்து அலுமாரியில் பூட்ட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ரியூஷன் வகுப்பு மாறினால் வட்ஸ்அப்பில்தான் செய்தி வருகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழிலும் பாடங்கள் கிடைக்கின்றன. பறித்தால் நட்டம் பிள்ளைக்குத்தான். ஆனால் ஃபோனுக்கும் ஒரு வேலையை ஒதுக்க வேண்டும். திகதியை ஞாபகப்படுத்தக் கூகுள் கலண்டர் நல்லது. விண்ணப்பத்தின் இறுதித் திகதி, வகுப்பு நேரம் போன்றவற்றை அதில் போட்டால் மறக்காது. சீட்டு வெட்ட நேரமில்லாத பிள்ளைக்கு 'ஆங்கி' என்றொரு செயலி இருக்கிறது; சப்பாத்துப் பெட்டி செய்யும் வேலையைத் தானே கணக்கிட்டுச் செய்யும். தமிழிலும் எழுதலாம். அண்ட்ரொய்ட் ஃபோன்களுக்கு இலவசம், ஐஃபோனுக்குக் காசு.

நாளாந்தத் திட்டத்தை மட்டும் ஃபோனில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். 'இன்றைக்கு என்ன?' என்று பார்க்க எடுத்த ஃபோன், அரை மணித்தியாலம் கழித்துத்தான் கையிலிருந்து இறங்கும். ஏழு நாள் கணக்கில் அதுவும் எழுதியிருந்தது. எங்கள் கூப்பாட்டை மட்டும் குற்றம் சொல்ல அவளும் விடவில்லை. அதையும் நேர்மையாகவே எழுதியிருந்தாள்.

மழை வந்த நாள்

அந்த 25 கிழமைகளும் நேராகப் போயின என்று நினைக்காதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தங்கச்சிக்கு ஒரு கிழமை கடும் காய்ச்சல். அந்தக் கிழமை சிவப்புக் கோடெல்லாம் அழிந்தது, வீடு முழுவதையும் அவள்தான் பார்த்தாள். செப்டெம்பரில் நாடே தேர்தலில் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் விட்டிருந்த வெற்றிடம் அங்கேதான் கைகொடுத்தது.

நவம்பர் 25இல் பரீட்சை தொடங்கியது. இரண்டு நாள்தான். மழையும் வெள்ளமும் வந்து 27ஆம் திகதியிலிருந்து பரீட்சை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 4ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கியது. அந்த நாட்களில் பிள்ளைகள் எத்தனை பேர் கலங்கிப் போனார்கள்! 2025இலும் இதே மாதிரி நவம்பரில் புயலும் வெள்ளமும் வந்து உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நின்று, மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. எந்தக் கொப்பியிலும் இதையெல்லாம் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. அவளும் முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் சப்பாத்துப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். மின்சாரம் போனாலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் சீட்டுப் புரட்டலாம்தானே. தம்பி கேள்வி கேட்டான், அவள் பதில் சொன்னாள்.

2025 ஏப்ரலில் பெறுபேறு வந்தது. உயிரியலில் 'பீ', மற்ற இரண்டிலும் 'சீ'. அவள் ஆசைப்பட்ட மருத்துவம் கிடைக்கவில்லை. அந்தக் கவலை அவளுக்கு இன்னும் இருக்கிறது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். போகும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சப்பாத்துப் பெட்டியை மட்டும் எடுத்துப் போனாளாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

இந்த மாதம் மகளுக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய கொப்பியில் மீதித் தாள்கள் இருந்தால் போதும். ஏழு நாள் நடப்பதை எழுதச் சொல்லுங்கள். எட்டாம் நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதில் உங்கள் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். எனக்கு மூன்று வந்தது. பிறகு, அவளுக்குக் கொடுக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்தான் என்றாலும் பரவாயில்லை. அதைச் சுவரில் எழுதி, அந்த இரண்டு மணித்தியாலத்திலும் ஒருவரும் அவளைக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனி அறையும் மேசையும் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும், அந்த நேரத்தில் அது அவளுடைய மூலை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டால்.

ஆண் பிள்ளைக்குக் கேட்காமலே கொடுக்கிற ஒன்றைத்தான் பெண் பிள்ளைக்கும் கொடுக்கச் சொல்கிறேன். அவனுக்குக் கொடுத்ததைப் பறிக்கச் சொல்லவில்லை. மாடியில் காயும் உடுப்பை யார் எடுத்தாலும் அது மடிந்துதானே ஆகும்!

தங்கச்சி வீட்டுக் குசினியில் அந்த பிரிஸ்டல் போர்ட் இன்னும் இருக்கிறது. பெயரை அழித்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுதியிருக்கிறார்கள். தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வாப்பாவின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டில் என்ன முறை பலன் தந்தது என்பதை எழுதுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.